ஐவிஎஃப் எஸ்டிமேட்டின் கீழ்ப்பாதி

குழந்தையின்மை சிகிச்சை மையத்தில் ஐவிஎஃப், அதாவது சோதனைக் குழாய்க் குழந்தை முறைக்காகக் கையில் கொடுக்கிற எஸ்டிமேட் தாளின் மேல்பாதி, சென்னையானாலும் கோவையானாலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். ஸ்கேன், ஹார்மோன் ஊசி, கருமுட்டை எடுப்பது, மயக்க மருந்து, லேப், கரு வைப்பது. கீழ்ப்பாதிதான் மையத்துக்கு மையம் மாறும். எண்டோமெட்ரியல் ஸ்க்ராட்ச், இஆர்ஏ, பிஜிடி-ஏ, டைம்-லாப்ஸ் இன்குபேட்டர், லேசர் ஹேட்சிங் (கருவின் மேலுறையில் லேசரால் துளையிடுவது), இன்ட்ராலிபிட் டிரிப், பிஆர்பி (ரத்தத்தில் இருந்து பிரித்த பிளேட்லெட் கரைசல்) என்று வரிகள் நீளும். ஒரு முறை தோற்றவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நீளும். சில ஆயிரத்தில் தொடங்கி, எல்லாவற்றையும் கூட்டினால் லட்சத்தைத் தொடும்.

கீழ்ப்பாதி வரிகளில் பலவற்றைக் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் ஆயிரம் பேர் அளவுக்குச் சேர்த்துப் பெரிய ஆய்வுகளில் சோதித்துவிட்டார்கள். பெரும்பாலானவை தேறவில்லை. அதே காலத்தில் விலை மலிவான, யாரும் விளம்பரம் செய்யாத ஒன்றிரண்டு சிகிச்சைகள் அதே மாதிரி சோதனையில் ஜெயித்திருக்கின்றன. எது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டால், டாக்டரிடம் உட்காரும் அந்தப் பத்து நிமிடத்தில் சரியான கேள்வியைக் கேட்கலாம்.

பன்னிரண்டு முட்டை எப்படி மூன்று கருவாகிறது

மாதவிலக்கின் 2ஆம் அல்லது 3ஆம் நாள், முட்டைகளை வளர்க்கும் ஹார்மோனான எஃப்எஸ்ஹெச் ஊசி ஆரம்பிக்கும். அளவு பெரும்பாலும் தினம் 150 முதல் 300 யூனிட். ஐந்தாறு நாள் கழித்தோ, பெரிய ஃபாலிக்கிள் (முட்டை வளரும் நீர்ப்பை) 14 மில்லிமீட்டரைத் தொட்டதுமோ, 0.25 மில்லிகிராம் ஆன்டகோனிஸ்ட் ஊசி சேரும். முட்டை தானாக வெடித்து வெளியேறிவிடாமல் பிடித்து வைப்பது இதன் வேலை. மூன்று ஃபாலிக்கிளாவது 17, 18 மில்லிமீட்டர் வந்தால், முட்டையைக் கடைசியாக முதிர வைக்கும் ட்ரிகர் ஊசி. அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டையை எடுத்தாக வேண்டும். சீக்கிரம் போனால் முட்டை முதிர்ந்திருக்காது, ஃபாலிக்கிள் சுவரை விட்டுப் பிரியவும் செய்யாது. தாமதித்தால் ஃபாலிக்கிள் வெடித்து முட்டை வயிற்றுக்குள் போய்விடும்.

முழுச் சிகிச்சையிலும் நோயாளியின் கையில் இருக்கிற மிக முக்கியமான நிமிடம் இந்த ட்ரிகர்தான். இரவு பத்து மணிக்குப் போடச் சொன்னால் பத்து மணிக்கே போட வேண்டும். போட்ட நேரத்தை எழுதி வைத்து, தள்ளிப்போயிருந்தால் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அறுவை அரங்கின் நேரத்தை அதற்கேற்ப நகர்த்திக்கொள்வார்கள். ஹெச்சிஜி (கர்ப்ப ஹார்மோன்) ட்ரிகராக இருந்தால் மருந்து உள்ளே போனதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மறுநாள் வீட்டிலேயே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை அட்டையை நனைத்துப் பார்த்தால் பாசிட்டிவ் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் உடனே மையத்துக்குப் போன் செய்ய வேண்டும். ஊசி சரியாக இறங்கவில்லையோ, மருந்து வெயிலில் கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்படலாம். உடம்பின் சொந்த எல்ஹெச் ஹார்மோனைச் சுரக்க வைக்கும் அகோனிஸ்ட் வகை ட்ரிகருக்கு இந்த அட்டை உதவாது, ரத்தத்தில் எல்ஹெச் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு முட்டை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் முதிர்ந்தவை ஒன்பதுக்குப் பக்கம். விந்தணு சேர்த்த 16 முதல் 18 மணி நேரத்தில் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது இரண்டு உட்கருக்கள் அருகருகே தெரிந்தால்தான் சரியாகக் கருவுற்றதாகக் கணக்கு. அது ஆறோ ஏழோ இருக்கும். மூன்றாம் நாள் எட்டு செல். ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் ஆக, அதாவது கர்ப்பப்பையில் ஒட்டத் தயாரான கட்டத்துக்கு வளர்ந்து நிற்பவை மூன்று. நல்ல லேப்பிலும் இப்படித்தான் கரையும். "பன்னிரண்டு எடுத்தாங்க, மூணுதான் தேறுச்சு, லேப்ல ஏதோ தப்பு" என்று சொல்வதற்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது.

எந்த இடத்தில் கரைந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதிராத முட்டை அதிகம் என்றால் ட்ரிகர் நேரத்தையும் வகையையும் பார்க்க வேண்டும். முதிர்ந்தும் கருவுறவில்லை என்றால் விந்தணு, முட்டை, ஊசி போட்ட கை மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் வரை அழகாக வளர்ந்து அதன்பின் கூட்டமாக நின்றுபோனால் கதை வேறு. முதல் இரண்டு மூன்று நாள் கரு முட்டையில் சேர்த்து வைத்திருந்த சரக்கிலேயே ஓடும். நான்கிலிருந்து எட்டு செல் ஆகும் கட்டத்தில்தான் கருவின் சொந்த மரபணுக்கள் முழுமூச்சாக வேலைக்கு வரும். அப்பாவின் பக்கத்துக் கோளாறு அதுவரை வெளியே தெரியாமலே இருக்கலாம்.

எத்தனை முட்டை வேண்டும் என்பதற்கும் விடை இருக்கிறது. பிரிட்டனில் நடந்த 4,00,135 சுழற்சிகளின் பதிவுகளை அலசி 2011இல் வெளியான ஆய்வில், முட்டை எண்ணிக்கை 15 வரை கூடக் கூடக் குழந்தை பிறக்கும் வாய்ப்பும் கூடியது. 15 முதல் 20 வரை சமமாக நின்றது. அதற்கு மேல் போனால் குறைந்தது. "எனக்கு முப்பது முட்டை" என்பது பெருமைப்பட வேண்டிய செய்தி அல்ல, வயிறு வீங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டிய செய்தி.

எதை எதால் வகுக்கிறார்கள்

ஒரு கணக்குக்கு நூறு பேர் ஊசி ஆரம்பிக்கிறார்கள் என்று வையுங்கள். ஃபாலிக்கிள் வளராமல் சிலர் நிற்க, தொண்ணூறு பேருக்கு முட்டை எடுக்கிறார்கள். எழுபது பேருக்குத்தான் வைப்பதற்குக் கரு தேறுகிறது. அதில் முப்பத்தைந்து பேருக்கு பீட்டா ஹெச்சிஜி (ரத்தத்தில் பார்க்கும் கர்ப்பப் பரிசோதனை) பாசிட்டிவ். முப்பது பேருக்கு ஸ்கேனில் இதயத்துடிப்பு. கடைசியில் இருபத்தைந்து பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறார்கள். இதே மையம் "எங்கள் வெற்றி 50 சதவீதம்" என்று போர்டு வைக்கலாம், அது பொய்யாகவும் இருக்காது: எழுபதில் முப்பத்தைந்து. ஆனால் ஊசி ஆரம்பிக்கிற தம்பதிக்கு வேண்டிய எண் 25. ஆய்வுக் கட்டுரையானாலும் விளம்பரமானாலும் மேலே எது இருக்கிறது, கீழே எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மேலே "உயிரோடு பிறந்த குழந்தை", கீழே "சிகிச்சை ஆரம்பித்த பெண்கள்" இருந்தால் தைரியமாக மேற்கொண்டு படிக்கலாம்.

ஸ்க்ராட்ச்

இஸ்ரேலில் 2003இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. ஏற்கெனவே ஐவிஎஃப் தோற்ற 134 பெண்களில் 45 பேருக்கு, அடுத்த சிகிச்சைக்கு முந்தைய மாதம் கர்ப்பப்பை உள்படலத்தில் பயாப்ஸி குழாயால் சுரண்டி எடுத்தார்கள். சுரண்டியவர்களில் 48.9 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, மற்றவர்களில் 22.5 சதவீதம். கேட்ட எவருக்கும் கை துறுதுறுக்கும் எண்ணிக்கைதான். சின்னக் காயம் ஆறும்போது வரும் அழற்சி, கரு ஒட்டிக்கொள்ள உதவுகிறது என்ற விளக்கமும் கூடவே வந்தது. கருவி மலிவு, ஐந்து நிமிட வேலை. உலகம் முழுக்கப் பரவியது.

ஆனால் 45 பேர் என்பது அதிர்ஷ்டம் விளையாடுவதற்குத் தாராளமாக இடம் கொடுக்கிற எண்ணிக்கை. தோற்ற ஒருவருக்கு அடுத்த முறை எதுவும் செய்யாவிட்டாலும் கணிசமான வாய்ப்பு உண்டு. இடையில் யார் எதைச் செய்திருந்தாலும் அந்தப் புகழ் அதற்குப் போய்ச் சேரும். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஆக்லாந்தில் இருந்து ஒருங்கிணைத்து, ஐந்து நாடுகளில் 13 மையங்களில் 1,364 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். முடிவு 2019இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. சுரண்டியவர்களில் குழந்தை பிறந்தது 690 பேரில் 180 பேருக்கு. சுரண்டாதவர்களில் 674 பேரில் 176 பேருக்கு. இரண்டுமே 26.1 சதவீதம், புள்ளி வரை ஒன்று. கூடுதலாகக் கிடைத்தது வலி மட்டும்: பத்துக்கு மூன்றரை என்று பெண்கள் மதிப்பிட்டிருந்தார்கள்.

இதற்குப் பிறகும் தாளில் இந்த வரி இருந்தால் அதை அடிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

உள்படலத்தை வைத்துச் செய்யும் இன்னொரு சோதனை இஆர்ஏ. படலத்தில் துணுக்கு எடுத்து 238 மரபணுக்களின் இயக்கத்தைப் பார்த்து, கரு வைக்கிற நேரத்தை அரை நாளோ ஒரு நாளோ தள்ளி வைப்பார்கள். கேட்க விஞ்ஞானமாகத்தான் இருக்கிறது. 2022இல் 767 பெண்களிடம் சோதித்தபோது, நேரத்தை இப்படி மாற்றியவர்களில் 58.5 சதவீதம் பேருக்கும், வழக்கமான நேரத்தில் வைத்தவர்களில் 61.9 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது.

திரும்பத் திரும்பத் தோற்பவர்களுக்கு "உடம்பு கருவை எதிர்க்கிறது" என்று சொல்லி ஸ்டீராய்டு கொடுப்பது இன்னும் பரவலாக உண்டு. சீனாவில் இப்படிப்பட்ட 715 பெண்களுக்குத் தினம் 10 மில்லிகிராம் ப்ரெட்னிசோனோ வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். குழந்தை பிறந்தது 37.8க்கு 38.8 சதவீதம், அதாவது பலன் இல்லை. ஸ்டீராய்டு எடுத்தவர்களில் குறைமாதப் பிரசவம் அதிகம். இன்ட்ராலிபிட் என்பது வாயால் சாப்பிட முடியாத நோயாளிக்கு ஏற்றும் சோயா எண்ணெய்க் கொழுப்புக் கரைசல். அது கருவைக் காக்கும் என்பதற்கு இந்தத் தரத்தில் ஓர் ஆய்வும் ஆதரவாக இல்லை.

எல்லோருக்கும் இக்சி

இக்சி தன்னளவில் மகத்தான கண்டுபிடிப்பு. பிரஸ்ஸல்ஸில் ஜான்பியரோ பலெர்மோவும் கூட்டாளிகளும் 1992இல் வெளியிட்டார்கள். ஒற்றை விந்தணுவைக் கண்ணாடி ஊசியில் பிடித்து, முட்டைக்குள் நேரடியாகச் செலுத்துவது. எண்ணிக்கை மிகக் குறைந்த ஆண்களுக்கும், விந்தணுவை விரையில் இருந்து ஊசி போட்டு எடுக்க வேண்டியவர்களுக்கும் அதற்குமுன் கொடை விந்தைத் தவிர வழி கிடையாது. அவர்களுக்கு இது தேவையா என்ற கேள்விக்கே இடமில்லை.

விந்தணு நன்றாக இருப்பவர்களுக்கும் "எதற்கும் இருக்கட்டும்" என்று செய்வதுதான் கேள்வி. அதற்கான தெளிவான விடை வியட்நாமில் இருந்து வந்தது. ஹோ சி மின் நகரின் மி டுக் மருத்துவமனையினர் எண்ணிக்கையும் அசைவும் சரியாக இருந்த 1,064 தம்பதிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். 532 தம்பதிகளுக்கு இக்சி. 532 தம்பதிகளுக்குத் தட்டில் முட்டையைச் சுற்றி விந்தணுக்களை விட்டுவிடும் பழைய ஐவிஎஃப். முதல் முறை கரு வைத்ததில் குழந்தை பிறந்தது 184க்கு 166. வித்தியாசம் தற்செயல் எல்லைக்குள். ஒன்றுமே கருவுறாமல் போகும் விபத்தாவது இக்சியில் குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. டென்மார்க்கில் இதையே செய்து 2025இல் வெளியிட்டபோது தராசு மறுபக்கம் சாய்ந்தது: ஒரு முறை எடுத்த கருக்களையெல்லாம் வைத்துப் பார்த்த மொத்தக் கணக்கில் இக்சி 43.2 சதவீதம், பழைய முறை 47.3.

காரணம் யோசித்தால் புரியும். இக்சிக்கு முட்டையைச் சுற்றியுள்ள செல்களை என்சைம் போட்டு உரித்தாக வேண்டும். முதிர்ந்த முட்டைக்கு மட்டுமே ஊசி போட முடியும். ஊசி குத்துவதில் சில முட்டைகள் சிதையும். தட்டில் விட்ட முட்டைக்கோ இரவுக்குள் முதிர இன்னும் சில மணி நேரம் கிடைக்கிறது. சந்தேகம் இருந்தால் பாதி முட்டைக்கு இக்சி, பாதிக்குப் பழைய முறை என்று பிரித்துச் செய்யக் கேட்கலாம். முதல் சுழற்சியில் நியாயமான கோரிக்கை அது.

வியட்நாம் ஆய்வைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது அமெரிக்கப் பல்கலைக்கழகம் அல்ல, பணம் கொட்டும் நாடும் அல்ல. கூட்டம் நிறைந்த ஒரு நகரத்து மருத்துவமனை வருகிற நோயாளிகளை வைத்தே உலகத்துக்குப் பதில் சொன்னது. நம் ஊரில் கூட்டத்துக்கா பஞ்சம்? இந்தப் பதிவில் வருகிற பெரிய ஆய்வுகளில் ஒன்றுகூட இந்தியாவில் நடத்தியது இல்லை.

கருவைச் சோதித்தால் என்ன ஆகும்

பிஜிடி-ஏ என்பது ஐந்தாம் நாள் கருவின் வெளி அடுக்கில் இருந்து ஐந்து முதல் பத்து செல்களைக் கிள்ளி எடுத்துக் குரோமோசோம் எண்ணிக்கையைப் பார்ப்பது. சோதனை முடிவு வரும்வரை கருவை மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்திருப்பார்கள். வெளி அடுக்கு பிற்பாடு நஞ்சுக்கொடியாகும். குழந்தையாகப் போவது உள்ளே இருக்கும் செல் கொத்து. இரண்டும் எப்போதும் ஒன்றுபோல் இருக்கும் என்று சொல்ல முடியாது. சில கருக்களில் சரியான செல்லும் கோளாறான செல்லும் கலந்தே இருக்கும், மொசைக் என்பார்கள். மொசைக் கரு என்று குறிக்கப்பட்டவற்றை வைத்தும் ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்ததை இத்தாலிய மருத்துவர்கள் 2015இலேயே எழுதினார்கள்.

சீனாவில் 14 மையங்களில் 20 முதல் 37 வயது வரையான, குறைந்தது மூன்று நல்ல பிளாஸ்டோசிஸ்ட் உள்ள 1,212 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒவ்வொன்றாக மூன்று கரு வரை ஒரு வருடத்துக்குள் வைத்ததில் குழந்தை பிறந்த மொத்தக் கணக்கு: சோதித்தவர்களுக்கு 77.2 சதவீதம், சோதிக்காதவர்களுக்கு 81.8. கருச்சிதைவு மட்டும் 12.6இல் இருந்து 8.7ஆகக் குறைந்தது. சோதனை கெட்ட கருவை நல்லதாக்குவதில்லை, இருப்பதை வரிசைப்படுத்துகிறது, சிலதைத் தவறாகக் கழித்தும் விடுகிறது. இந்த முடிவு மேற்சொன்ன வயதுக்கும் கரு எண்ணிக்கைக்கும் பொருந்துவது. நாற்பதைத் தொடுகிறவர், அடுத்தடுத்துக் கருச்சிதைவு ஆனவர், தம்பதியில் ஒருவருக்குக் குரோமோசோம் இடமாற்றம் இருப்பவர் ஆகியோருக்குப் பேச்சு வேறு. மரபணு ஆலோசகரோடு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியது. எந்த நிலையிலும் கரு ஆணா பெண்ணா என்று சொல்வதும் கேட்பதும் சட்டப்படி குற்றம்.

டைம்-லாப்ஸ் இன்குபேட்டர் கதை சுருக்கம். பெட்டிக்குள் கேமரா வைத்து, கருவை வெளியே எடுக்காமல் படம் பிடிக்கும் கருவி. பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் 1,575 பேரிடம் சோதித்து 2024இல் வந்த முடிவு: படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் குழந்தை பிறந்தது 33.7 சதவீதம், வழக்கமான முறையில் 33.0. லேப்புக்கு வசதியான கருவிதான், அதில் சந்தேகமில்லை. அந்த வசதிக்கு நோயாளி ஏன் தனி வரியில் பணம் கட்ட வேண்டும்? கருவுக்கு வேண்டியது பெட்டிக்குள் 37 டிகிரி வெப்பம், காற்றில் இருப்பதுபோல் இருபது சதவீதம் இல்லாமல் ஐந்து சதவீத ஆக்சிஜன், ஊடகத்தின் பிஹெச் 7.2க்கும் 7.4க்கும் நடுவில் நிற்கும்படி ஆறு சதவீதத்தை ஒட்டிய கார்பன் டை ஆக்சைடு. கேமரா இல்லாத நல்ல பெட்டியும் இதைக் கொடுக்கும். "உங்கள் லேப்பில் ஐந்து சதவீத ஆக்சிஜனில் வளர்க்கிறீர்களா, கேஸ் அளவைத் தனிக் கருவியால் தினமும் சரிபார்க்கிறீர்களா?" என்ற கேள்வி கேமரா பற்றிய கேள்வியைவிடப் பயனுள்ளது.

கருவை "எம்ப்ரியோ க்ளூ" என்ற ஹயலுரோனான் கலந்த திரவத்தில் வைத்து உள்ளே விடுவதற்கு மட்டும், ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஓரளவு சாதகமான சான்று இருக்கிறது. செலவும் பெரிதில்லை. வேண்டும் என்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

உறைய வைப்பது யாருக்கு நல்லது

கொல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகர்ஜி 1978இல் செய்ததாகச் சொன்னது இதைத்தான்: ஊசி போட்டு முட்டையை வளர்த்து, கருவை உறைய வைத்து, ஊசியின் தாக்கம் இல்லாத வேறொரு மாதத்தில் கர்ப்பப்பையில் வைப்பது. இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்து 70 நாளில், அக்டோபர் 3ஆம் தேதி அந்தக் குழந்தை பிறந்தது. அரசுக் குழு நம்பவில்லை. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய குறிப்புகளைப் படித்து இந்தியாவில் அவருக்கே முதலிடம் என்று 1997இல் சொன்னவர் டி.சி. ஆனந்த குமார், 1986இல் மும்பையில் பிறந்த சோதனைக் குழாய்க் குழந்தைக்குக் காரணமானவர்களில் ஒருவர். தன் முதலிடத்தைத் தானே விட்டுக்கொடுத்தார்.

இன்றைக்கு எல்லாக் கருவையும் உறைய வைத்து அடுத்த மாதம் வைப்பது வழக்கமாகிவிட்டது. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள 1,508 பெண்களிடம் சீனாவில் செய்த ஆய்வில் இது தெளிவாக ஜெயித்தது: குழந்தை பிறந்தது 49.3க்கு 42 சதவீதம், வயிற்றில் நீர் கோத்து வீங்கும் ஓஹெச்எஸ்எஸ் 7.1இல் இருந்து 1.3ஆகக் குறைந்தது. பிசிஓஎஸ் இல்லாதவர்களுக்குக் குழந்தை பிறப்பதில் அந்த ஆதாயம் கிடையாது. சீனாவில் 2,157 பேரிடம் 48.7க்கு 50.2, வியட்நாமில் 782 பேரிடம் 33.8க்கு 31.5. இரண்டும் சமம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே பிசிஓஎஸ் இருந்தால், முட்டை நிறைய இருந்தால், உறைய வைப்பதும் ஹெச்சிஜிக்குப் பதில் அகோனிஸ்ட் ட்ரிகர் போடுவதும் பாதுகாப்பு. மற்றவர்களுக்குக் காரணம் கேட்டுத்தான் சம்மதிக்க வேண்டும்.

அதே பிசிஓஎஸ் ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. உறைந்த கருவில் கருத்தரித்தவர்களுக்குப் கர்ப்ப கால ரத்தக்கொதிப்பு நோய் (ப்ரீஎக்லாம்ப்சியா) 4.4 சதவீதம், மற்றவர்களுக்கு 1.4. மாத்திரையால் மட்டுமே படலத்தைத் தயார் செய்யும்போது முட்டை வெடித்த இடத்தில் உருவாகும் சுரப்பித் திசு இல்லாமல் போவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். எனவே உறைந்த கருவில் கர்ப்பமானவர்கள் ஒவ்வொரு செக்கப்பிலும் பிபி பார்ப்பதில் அலட்சியம் காட்டக் கூடாது.

முட்டை எடுத்தபின் தினம் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறினால், சிறுநீர் குறைந்தால், மூச்சு வாங்கினால் மறுநாள் வரை காத்திருக்காமல் மையத்துக்குப் போக வேண்டும்.

எத்தனை கரு வைப்பது என்பதிலும் பலருக்குப் பேராசை. "இரண்டோ மூன்றோ வைத்துவிடுங்கள் டாக்டர், ஒரே செலவில் முடியட்டும்" என்று தம்பதிகளே கேட்பதுண்டு. ஸ்காண்டிநேவியாவில் 36 வயதுக்குட்பட்ட 661 பெண்களில் பாதிப் பேருக்கு ஒரே நேரத்தில் இரண்டு கரு. மறுபாதிக்கு ஒன்று, அது நிற்காவிட்டால் உறைய வைத்த இன்னொன்று. குழந்தை பிறந்தது 42.9க்கு 38.8 சதவீதம், இரட்டையோ அதற்கு மேலோ பிறந்தது 33.1க்கு 0.8. இரட்டைக் குழந்தை என்றால் குறைமாதப் பிரசவம், பச்சிளங்குழந்தை ஐசியூ என்று ஆபத்தும் செலவும் பலமடங்கு.

மலிவாக ஜெயித்தவை

பிசிஓஎஸ் பெண்களுக்கு முட்டை வெளியாக ஐவிஎஃப் வரை போகத் தேவையே இல்லாமல் போகலாம். லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம் மாத்திரை, மாதவிலக்கின் 3ஆம் நாளில் இருந்து ஐந்து நாள். பலன் இல்லாவிட்டால் 7.5 வரை. அமெரிக்காவில் 750 பெண்களிடம் ஐந்து சுழற்சி வரை கொடுத்துப் பார்த்ததில் லெட்ரோசோலில் 27.5 சதவீதம் பேருக்கும், பழைய க்ளோமிஃபீனில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. 2014இல் வந்த முடிவு இது. அப்போது இந்தியாவில் இந்த மாத்திரையைக் குழந்தையின்மைக்குக் கொடுக்கத் தடை! 2005இல் ஒரு மாநாட்டில் 150 குழந்தைகளை மட்டும் வைத்துச் சொன்ன பிறவிக் குறை பயம்தான் ஆரம்பம். அடுத்த வருடமே 911 குழந்தைகளைப் பார்த்த ஆய்வில் லெட்ரோசோலில் 2.4 சதவீதம், க்ளோமிஃபீனில் 4.8 என்று வந்து அந்தப் பயம் நிற்கவில்லை. இருந்தும் 2011இல் தடை போட்டார்கள், 2017இல்தான் எடுத்தார்கள்.

இன்னொன்று, கருக்குழாய் அடைப்பு பார்க்கும் ஹெச்எஸ்ஜி எக்ஸ்ரே. நெதர்லாந்தில் 1,119 பெண்களில் பாதிப் பேருக்கு நீரில் கரைந்த சாயமும் பாதிப் பேருக்கு எண்ணெய்ச் சாயமும் செலுத்தினார்கள். அதன்பின் ஆறு மாதத்தில் கருத்தரித்துக் குழந்தை பெற்றவர்கள் 28.1க்கு 38.8 சதவீதம். ஒரே சோதனை, சாயம் மட்டும் வேறு. தைராய்டு கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், எண்ணெய்ச் சாயத்தில் அயோடின் அதிகம்.

ஆண்கள் பக்கம்: துத்தநாகமும் ஃபோலிக் ஆசிடும் கலந்த மாத்திரையை 2,370 ஆண்களிடம் ஆறு மாதம் சோதித்ததில் குழந்தை பிறந்தது 34க்கு 35 சதவீதம், பலன் பூஜ்யம். விந்துப் பரிசோதனையை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி, மாதிரி எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் லேப்பில், ஒன்று சரியில்லை என்றால் இன்னொன்று. காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். விந்தணு உருவாகி வெளிவர அவ்வளவு நாள் ஆகும். ஜிம்முக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவர் அதை டாக்டரிடம் மறைத்தால் என்ன சிகிச்சையும் வீண், உற்பத்தியையே நிறுத்தும் ஊசி அது.

ஏஎம்ஹெச் (சினைப்பையில் மீதமுள்ள முட்டைகளைக் கணிக்கும் ரத்தப் பரிசோதனை) குறைவு என்ற ரிப்போர்ட்டோடு அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு: அது ஊசிக்கு எத்தனை முட்டை வரும் என்று சொல்லும், இயற்கையாகக் கருத்தரிக்க முடியுமா என்று சொல்லாது. குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்கள் 750 பேரைத் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், ஏஎம்ஹெச் குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருத்தரித்தார்கள்.

கரு வைத்தபின் "பத்து நாள் கட்டிலை விட்டு இறங்காதே" என்று மாமியார் சொல்வதற்கும் ஆதாரம் இல்லை. படுத்தே இருப்பதால் கரு கூடுதலாக ஒட்டுவதில்லை. கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை வேளை தவறாமல் எடுப்பதுதான் முக்கியம். பீட்டா நாளுக்கு முன்பே வீட்டில் அட்டை போட்டுப் பார்க்காதீர்கள். ட்ரிகரில் போட்ட ஹெச்சிஜி பத்து நாள் வரை உடம்பில் தங்கிப் பொய்யாக இரண்டு கோடு காட்டும்.

சுழற்சி முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், லேப் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. மருந்தின் பெயரும் தினசரி அளவும், ட்ரிகர் வகையும் நேரமும், எடுத்த முட்டை, முதிர்ந்த முட்டை, இரண்டு உட்கரு தெரிந்தவை, மூன்றாம் நாள் செல் எண்ணிக்கை, ஐந்தாம் நாள் தரக்குறி, அதாவது 4ஏஏ, 3பிபி மாதிரி எழுதியிருப்பது, படலத்தின் தடிமன், கரு வைக்கும் குழாய் எளிதாகப் போனதா, இடுக்கி போட்டு இழுக்க வேண்டியிருந்ததா, உறைய வைத்தவை எத்தனை, எந்தத் தேதியில். அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் அவர் முதலில் தேடுவது இந்த ஒரு பக்கத்தைத்தான். உறைந்த கருக்களைச் சட்டப்படி பத்து வருடம் வரை வைத்திருக்கலாம். வருடாந்திரக் கட்டணம் எவ்வளவு, நினைவூட்டல் எந்த எண்ணுக்கு வரும் என்பதை அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.